புது லென்ஸும் எதிர் மூலையும்

என் ரிஸ்னாவுக்கு,

நீ படுத்திருக்கும் இடத்தில் வெளிச்சம் நிறைந்திருக்கட்டும். "எந்த வெளிச்சம் மதினி, ஜன்னலா, பல்பா?" என்று உடனே கேட்பாய். ஜன்னல் வெளிச்சம்தான் கேட்டிருக்கிறேன், கவலைப்படாதே.

ஒரு சேதி சொல்ல வேண்டும். ஒரு ஸூம் லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிரிக்காதே. "ஸூம் சோம்பேறிகளுக்கு மதினி, நமக்குத்தான் கால் ஈக்குதே" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? அப்போது நமக்கு நாலு கால் இருந்தது. இப்போது என் இரண்டுதான் மிச்சம்.

உன் கூடப்பிறந்த நாநாவைக் கல்யாணம் கட்டிக்கொண்டு நான் மடவளைக்கு வந்தபோது, எல்லா நாத்தனார்களும் புது மருமகளின் சமையலைச் சோதிப்பார்கள் என்றுதான் பயந்தேன். நீ என் கையில் கமெராவைத் திணித்தாய். நம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆண்கள் வர முடியாது, அந்த வேலையை நாம் எடுத்துக்கொண்டோம். முப்பத்தைந்து எம்.எம். லென்ஸோடு நான் மணமகள் பக்கத்தில், தூரத்தை இழுத்துக் காட்டும் எண்பத்தைந்தோடு நீ எதிர் மூலையில்.

அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு வந்த அழைப்புகளுக்கெல்லாம் "பார்த்துச் சொல்றன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தியாக இந்த வேலையைச் செய்ய ஏலுமா? ஏலாது என்றால் இரண்டு கமெராவையும் விற்றுவிடுவது என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன். உன் நாநாவுக்கும் அது தெரியாது.

டவுனில் நாம் கமெராவைத் துப்பரவு செய்யக் கொடுக்கும் கடையில் தர்ஷினி இருக்கிறாளே, ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வருகிறவள், அவள்தான் இதைக் காட்டினாள். "இருபத்துநாலுல இருந்து நூத்தஞ்சு வரைக்கும் போகும்க்கா. ஒங்க முப்பத்தஞ்சும் அவங்க எம்பத்தஞ்சும் இதுக்குள்ளயே இருக்கு. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன், திங்கக்கெழம வரைக்கும் வச்சுப் பாருங்க" என்றாள். நாம் இருவரும் ஒரே குழாய்க்குள்! அதைக் கேட்ட பிறகு எப்படிச் சும்மா வர முடியும்?

முதலில் கனம். என் கமெராவில் மாட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அரிசி களைந்தேன், கறி கிளறினேன். லென்ஸ் மட்டும் ஒன்றரை இறாத்தல் பாண் ரொட்டியின் கனம் இருக்கும். குனிந்தால் தானாக நீண்டு தொங்குமோ என்று பார்த்தேன், தொங்கவில்லை. உன் நாநா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கறிக்கும் சேர்த்தா டெஸ்ட்?" என்றார்.

பிறகு டவுன் குளக்கரைக்குப் போய், குளத்தைச் சுற்றி ஓடும் அந்த வெள்ளை மதிலுக்கு நேராக நின்றேன். இருபத்துநாலில் மதிலின் விளிம்பு லேசாக வில்லாக வளைகிறது, நாலு மூலையும் இருளுகிறது. கமெராவே அதைத் திருத்திக்கொள்கிறது, ஆனால் திருத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவள் நான் என்று உனக்குத் தெரியுமே. வெளிச்சம் நுழையும் துவாரத்தை எட்டுக்குக் குறுக்கியதும் மூலையில் ஒட்டியிருந்த பாசிகூடத் தெளிவாக வந்தது. மதிலை மட்டும் இத்தனை படம் எடுக்கிறாளே என்று சுற்றுலா வந்த ஒரு குடும்பம் நின்று பார்த்தது. மதிலில் என்ன விசேஷம் என்று அவர்களும் ஒன்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து உன் நாநாவைப் பலாமரத்தடியில் கதிரை போட்டு உட்கார வைத்தேன். உன் எண்பத்தைந்தில் ஒன்று, ஸூமை எண்பத்தைந்தில் நிறுத்தி ஒன்று, இரண்டிலும் துவாரம் நாலு. கண் இமை வரை பெரிதாக்கிப் பார்த்தேன், எது எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உன்னுடையதை ஒன்று புள்ளி எட்டுக்குத் திறந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. பலாமரம் கரைந்து பச்சையாகப் போய்விட்டது, ஸூமில் அது பலாமரமாகவே இருந்தது. இருட்டான கல்யாண ஹோலில் ஸூமுக்கு வெளிச்சம் போதாது, ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டும், படத்தில் மணல்மணலாகக் கொஞ்சம் விழும். அதைச் சமாளிக்கலாம். உன் லென்ஸைக் கழற்றியதும் உன் நாநா அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

லென்ஸ் கைக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் ஒரு கல்யாணத்துக்கு மட்டும் வருகிறேன் என்று ஓம் சொல்லியிருந்தேன். அதுதான் உண்மையான பரீட்சை. லென்ஸைக் குறை சொல்ல மாட்டேன் ரிஸ்னா. மருதாணிக் கைக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் பிடித்தது. முகம் மூடியிருந்த மணமகளின் சாச்சியின் கண்களைக்கூடத் தேடிக் கண்டுபிடித்தது. மணமகளின் அறை நெருக்கத்தில் இருபத்துநாலு இல்லாவிட்டால் அலுமாரிக்குள் ஏறித்தான் எடுத்திருக்க வேண்டும்.

பிறகு மாப்பிள்ளை தாலி கட்டப் பெண்கள் ஹோலுக்குள் வந்தார். எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். நான் வழக்கம்போல முப்பத்தைந்தில், கிட்ட, அவர் விரல்களில். கொக்கி மாட்டுப்படாமல் விரல் தடவித் தேடியது, அது அருமையான படம். அப்போது என் முதுகுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "ஹா!" என்றார்கள். சிரிப்பா, அழுகையா? திரும்பி நூற்றைந்துக்கு முறுக்குவதற்குள் முடிந்துவிட்டது. மணமகளின் உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன நடந்த உம்மா?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல புள்ள, நீங்க படத்த எடுங்க" என்றார்.

என்ன நடந்தது? இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது. நீ இருந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் பிளேன்டீயோடு உட்கார்ந்து, உன் கமெராவின் கார்டைப் போட்டு, என் முதுகுக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் காட்டியிருப்பாய். கல்யாணத்தில் பாதியை நான் உன் படங்களில்தானே பார்த்தேன்!

அன்று தாலி கட்டி முடிந்த பிறகு, நூற்றைந்தில் அப்படியே ஹோலை ஒரு சுற்றுப் பார்த்தேன். எதிர் மூலை வந்ததும் லென்ஸை நிறுத்தினேன். நாம் எடுத்த ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த மூலையில் கறுப்பு அபாயாவோடு நீ நின்று என் படத்தைக் கெடுப்பாய். அங்கிருந்தே கையை வீசி, "மதினி, என்ட ஃப்ரேமுக்குள்ள ஈக்கிறீங்க, விலகுங்க!" என்பாய். நீதான் என் ஃப்ரேமுக்குள் என்பேன். இந்தத் தடவை ஒருவரும் இல்லை. பூ, திரை, விளக்கு, எல்லாம் நேராக, சுத்தமாக இருந்தது. இப்படி ஒரு சுத்தமான ஃப்ரேமுக்குத்தானே இத்தனை காலம் உன்னோடு மல்லுக்கட்டினேன்? எனக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. கமெரா மட்டும் வாடாத பூ ஒன்றில் போய்க் குறியை வைத்து நின்றது.

திங்கட்கிழமை லென்ஸோடு கடைக்குப் போனேன். "எப்படிக்கா, ரெண்டு பேர் வேலையையும் செய்யுதா?" என்று தர்ஷினி கேட்டாள்.

"ரெண்டு பேர் பார்க்கிறதையும் பார்க்குது. ஒரே நேரத்துல பார்க்க அதுக்கு ஏலாது" என்றேன். பிறகு, நானே நினைத்திராமல், "உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில வேலை ஈக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் லென்ஸ் மூடியைத் திருகி மூடினாள். "எந்தப் பக்கம் நிக்கணும்க்கா?" என்றாள்.

ஆகவே லென்ஸை வாங்கிக்கொண்டேன், அது நம் வீட்டிலேயே இருக்கும். கமெரா இரண்டும் இருக்கும். உன் எண்பத்தைந்தை உன் கமெராவோடு அவள் கையில் கொடுக்கிறேன், நீ சம்மதிப்பாய்தானே? அது அலுமாரிக்குள் இருந்து பூஞ்சணம் பிடிப்பதை நீ பொறுக்க மாட்டாய்.

ஒரு வாக்குத் தருகிறேன் ரிஸ்னா. அடுத்த கல்யாணத்தில் அவள் அந்த மூலையிலிருந்து என் ஃப்ரேமுக்குள் வந்து நிற்பாள், நிச்சயம் நிற்பாள். நான் விலகச் சொல்ல மாட்டேன்.

என்றும் உன் துஆவில் இடம் கேட்கும்,
உன் நாநாவின் வீட்டுக்காரி, உன் மதினி
ஷிஃபானா