கை தட்ட வேண்டிய நேரம்

11.5.2024, சனி

இவர் தம்போயில் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து மூன்று மணிக்கே வந்துவிட்டார். நகத்துக் கிரீஸ் போக அரை மணி நேரம் தேய்த்தார். எங்கள் லோஷினி முதல் தடவையாக ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாளே, சும்மாவா?

ஸ்கூடாய் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் பாகம் நின்றதுதான் தாமதம், இவர் எழுந்து நின்று கை தட்டினார். மொத்த மண்டபத்தில் இவர் ஒருவர்தான். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மானத்த வாங்காதீங்க, உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் எல்லோரும் தட்டியபோதும் எடுக்கவே இல்லை.

காரில் லோஷினி கேட்டாள்: "ஏம்பா, பிடிக்கலையா? கடைசில நீங்க தட்டவே இல்லையே?"

"நல்லாருந்துச்சும்மா" என்றார்.

12.5.2024

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு மட்டும் என்ன தெரியும்? மற்றவர்கள் தட்டவில்லை, நானும் தட்டவில்லை. அவ்வளவுதான் என் சங்கீத ஞானம்.

20.7.2024

இன்றாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கேட்கவில்லை.

3.9.2024, செவ்வாய்

பட்டறையில் விழுந்துவிட்டார். பக்கவாதமாம். வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. ஐயோ, நான் என்ன செய்வேன்...

5.9.2024

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸி அவர் உடுப்பைப் பையில் போட்டுக் கொடுத்தாள். சட்டைப்பையில் நாலாக மடித்த தாள் ஒன்று. நவம்பர் கச்சேரிக்காக லோஷினி கொடுத்த நிகழ்ச்சி நிரல். ஓரத்தில் பென்சிலில் இவர் கையெழுத்து: "நாலு பாகம். நடுவுல மூணு தடவ நிப்பாட்டுவாங்க, சும்மா இருக்கணும். நடத்துறவர் நம்ம பக்கம் திரும்பினாதான் தட்டலாம்."

யாரிடம் போய்க் கேட்டாரோ இந்த மனுஷன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

23.11.2024, சனி

சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம். முதல் பாகம் நின்றது.

"தட்டணும்னா தட்டுங்க, யாரு பாத்தா என்ன" என்று காதோடு சொன்னேன்.

வேண்டாம் என்று தலையசைத்தார். இடது கையில் ஒரு விரலைக் காட்டினார். அடுத்ததற்கு இரண்டு. அப்புறம் மூன்று.

நாலாவது முடிந்தது. நடத்துபவர் எங்கள் பக்கம் திரும்பினார். மண்டபமே தட்டியது. இவரும் இடது கையைத் தூக்கினார். மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

என் கையை நீட்டினேன். ஓங்கி அடித்தார். மறுபடியும், மறுபடியும்.

மேடையில் இருந்த லோஷினிக்குக் கேட்டிருக்காது. எனக்கு இதை எழுதும்போதும் உள்ளங்கை எரிகிறது.