பழைய முகவரிக்கு ஒரு வாசல்

மச்சான்,

இன்றும் மழையோடு கரண்ட் போய் வந்தது. ஆஸ்பத்திரிச் சேவர் அறை முழுக்கச் சூடேறிய பற்றரியின் மணம். கிளிநொச்சியில் வெளிச்சம் வந்தால் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு அப்போதுதான் வேலை தொடங்கும்.

ஆஸ்பத்திரியின் வலையமைப்பை நாம் இருவரும் மாற்றிக் கட்டிய நாட்களை நினைக்கிறேன். எந்தத் தகவல் எந்த வழியால் போவதென்று, கணினிகளை இணைக்கும் சுவிச்சுகள் தாமாக முடிவெடுக்காமல், ஒரே மென்பொருளைக் கேட்டு நடக்கும். இரத்தம் பரிசோதிக்கும் இயந்திரங்களுக்கும் சுவிச்சுகளுக்கும் பழைய வகை இணைய முகவரி மட்டுமே தெரியும். வைத்தியர்களின் கணினிகளுக்கும் மென்பொருளுக்கும் நீ புதிய, நீண்ட முகவரிகளைக் கொடுத்தாய். ஒன்றை மற்றதாக மாற்றிக்கொடுக்கும் கட்டளை மென்பொருளிடமிருந்தே வரும். மென்பொருளுக்குப் பழைய முகவரியும் ஒன்று வைப்போம் என்றேன். நீ கேட்கவில்லை.

"பழைய வாசலைத் திறந்து வைச்சால் எல்லாரும் அதாலதான் வருவினம். ஒருத்தரும் மாறமாட்டினம்."

முதல் மின்வெட்டிலேயே சுவிச்சுகள் கட்டளையை மறந்துபோக, மாட்டிக்கொண்டோம். சுவிச்சுகள் மென்பொருளை அடையக் கட்டளை வேண்டும், கட்டளையோ மென்பொருளிடம். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு கட்டளையைக் கையால் எழுதிவிட்டு, "இது தற்காலிகம்தான் மச்சான்" என்றாய். அந்த மாதமே கனகராயன்குளத்தில் றோட்டுக்கு வந்த மாட்டுக்கு விலத்தப்போய், நீ இல்லாமல் போனாய். உன் தற்காலிகம் என் தலையில் விழுந்தது.

மனைவியும் மகளும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். எனக்கும் அங்கே வேலை தயார். ஆனால் நான் போனால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கட்டளையை எழுத இங்கே ஆளில்லை. நீ வேண்டாமென்ற பழைய முகவரியைக் கொடுத்தால் எல்லாம் தீரும். செய்ய மனம் வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபம்தான்.

இன்று ஆய்வுகூட அக்கா ஓடிவந்தார். "தம்பி, ரிப்போட் ஒண்டும் போகேல்ல. டெங்குப் பிள்ளையள் கிடக்குதுகள், கெதியாப் பாருங்கோ."

கட்டளையை மறுபடி எழுதினேன். ரிப்போட்டுகள் போயின. மனைவியை அழைத்து, இன்னும் கொஞ்சநாள் பொறு என்றேன்.

"அவர் செத்துப்போனார்," என்றாள். "நீங்கள் ஏன் இன்னும் அவரோட வாதாடிக்கொண்டு இருக்கிறியள்?"

போனை வைத்தேன். திரும்பிவந்து மென்பொருளுக்குப் பழைய முகவரி ஒன்றைக் கொடுத்தேன். கரண்டை நானே நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் தாமாக எழும்பின.

இனி மின்சாரம் வந்துபோனால் என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். இத்தனை நாளும் நான் கேட்டது அதைத்தான். வாதத்தில் நான் வென்றுவிட்டேன் மச்சான். எதிர்த்துக் கதைக்க நீ இல்லை. இந்த அறையை விட்டு எழும்பிப் போகவும் முடியவில்லை.