குடை நுனியில் கரிய சேறு

ஆடி, செவ்வாய்க்கிழமை இரவு.

எங்கள் வீட்டுவசதிச் சங்கத்திற்கு அரசுக் கடன் வழங்குமுன் மனையைப் பார்வையிட, இன்று அதிகாரி கழக்கூட்டம் ஊருக்கு வந்தார். கடன் கிடைத்தால்தான் அடுக்குமாடி எழும். எனக்கும் ஒரு கதவு சொந்தமாகும். இந்த வாடகை வீட்டை அடுத்த ஆண்டு ஓணத்திற்குள் காலி செய்தாக வேண்டும்.

மனை முழுவதும் புதிய செம்மண்.

"இவிடெ வெள்ளம் கேறுமோ?" என்று, இங்கே தண்ணீர் ஏறுமா என அதிகாரி மலையாளத்தில் வினவினார்.

"இல்லா சாரே! பண்டே இது தோட்டமாணு," என்றார் செயலாளர் மணி. வயலை நிரப்பிய இடத்திற்குக் கடன் இல்லை என்பதை அவர் அறியாதவரல்லர். தோட்டமென்றால் ஒரு பழைய வாழைக்கட்டையாவது கிடக்காதா? நட்டிருந்தவை யாவும் ஒரே உயரக் கன்றுகள்.

அப்போது இரண்டு கொக்குகள் வந்திறங்கின.

"தோட்டத்துல கொக்குக்கு என்ன வேலை, மணி?" என்றேன்.

"அதுவும் ஃப்ளாட் புக் பண்ண வந்திருக்கு. சும்மா இருங்கோ மாமி!"

அதிகாரி உட்பட அனைவரும் சிரித்தனர்.

நான் குடையை ஊன்றினேன். தடையின்றிப் பாதிவரை இறங்கிற்று. இழுத்தபோது நுனியில் கரிய சேறு, வயலின் வாசனை. மணி அதைக் கண்டுவிட்டார்.

"குடையைக் குடுங்கோ மாமி, கழுவித் தரேன்," என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துத் தந்தறியாதவர்.

கொடுக்கவில்லை. குடை கழுவப்படாமல் மூலையில் சாய்ந்திருக்கிறது. அதிகாரியிடம் காட்டினால் கடன் போய்விடும். காட்டாவிட்டால் சேற்றின் மேல் நான்கு மாடி எழும், அதற்குள் நானும் இருப்பேன்.

வெளியே மழை பிடித்துவிட்டது. நாளை அதிகாரியின் அலுவலகத்திற்கு, குடையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நனைந்தே செல்வேன். இதை விரிப்பதாக இல்லை.