கதவுக்குப் பின்னால் உங்கள் ஸ்டூல்

மிஸ்,

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஏழாம் வகுப்பு பி பிரிவில் பாடம் தொடங்குவதற்காகக் கதவைச் சாத்தினேன். உப்பு நார்த்தங்காய் வாசனை வந்தது. கதவுக்குப் பின்னால் உங்கள் ஸ்டூல் இருந்தது. லேபில் இருக்கும் மர ஸ்டூல்தான். ஒரு கால் கட்டையாக இருக்கிறதென்று சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தீர்களே, அந்தக் கறுப்புச் சுற்றுகூட அப்படியே இருந்தது. நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. கூட்டிப் பெருக்கும் ஆயா மறந்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று என் கால்கள் அப்படிக் கெஞ்சின.

நம் பள்ளியில் டீச்சர் உட்காருவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலி இருந்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று தாளாளர் எல்லா வகுப்பு நாற்காலிகளையும் எடுத்து மொட்டை மாடியில் அடுக்கிவிட்டார். அந்த ஞானத்தை நமக்கு அருளும்போது அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "டீச்சர்ஸ் எறும்பு மாதிரி இருக்கணும். எறும்பு உக்காந்து பாத்திருக்கீங்களா?" என்றார். "எறும்புக்கு ஆறு கால் சார்," என்றீர்கள் நீங்கள். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மூத்தவள் என் வயிற்றில் இருந்ததை எனக்கு முன்பே தெரிந்துகொண்டவர் நீங்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வரை ரயிலில் நின்றுகொண்டு வந்து, மறுபடி பாடவேளைக்குப் பாடவேளை நின்றுகொண்டிருந்த நாட்கள் அவை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். கரும்பலகையில் பின்னக் கணக்கைப் பாதி எழுதிவிட்டு, எதற்காகக் கையைத் தூக்கியிருக்கிறேன் என்று மறந்துபோய் நின்றேன். வராண்டாவில் வந்த நீங்கள் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு நார்த்தங்காயை என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"வாயில ஒதுக்கிக்கோ."

"எதுக்கு மிஸ்?"

"அடுத்த வாரம் உனக்கே தெரியும்."

அடுத்த வாரம் தெரிந்தது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்காலி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறுநாளே கதவுக்குப் பின்னால் ஸ்டூல் வந்துவிட்டது. "கதவைச் சாத்திட்டு உக்காரு. வராண்டால போறவங்களுக்குத் தெரியாது. அவர் ரவுண்ட்ஸ் வந்தா நான் இருமறேன், எழுந்துக்கோ," என்றீர்கள். பக்கத்து லேபிலிருந்து வரும் உங்கள் இருமலைக் கேட்டு எத்தனையோ முறை எழுந்திருக்கிறேன். வறட்டு இருமல், நடுவில் ஒரு செருமல். அந்தப் பெண்ணை நான் பெற்றதில் பாதி உங்கள் தொண்டைக்குச் சேர வேண்டியது.

அவள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, முடிச்சூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. பள்ளியே கிளம்பிப் போனது. நான் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மாமியார் குறுக்கே நின்றார். "வயித்துப் புள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாதும்மா. முகத்தப் பாத்தா கூடவே வந்துரும்." அழுதுகொண்டே உள்ளே போனேன். மாலையோடு படுத்திருந்த உங்களை மற்ற எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு மட்டும் நீங்கள் இன்னும் லேபில் குடுவை கழுவிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால்தானோ என்னவோ, இந்த முறை ஸ்டூலைப் பார்த்தவுடன் எனக்குப் பயம் வரவில்லை. பயம் வந்தது மறுவாரம், பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்தபோது. ஸ்டூல் வந்த அன்று எனக்கே தெரியாது. பிறகு யாருக்குத் தெரிந்து அந்த ஸ்டூல் வந்தது? ஆயாவைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் இன்னாத்துக்கு மிஸ் அதத் தூக்கப்போறேன்? அது லேப்லதான கீது. லேப்பு பூட்டிக்கினு எவ்ளோ நாளாவுது."

வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள். "நாங்க வரும்போதே ஒரு மிஸ் வெச்சிட்டு இருந்தாங்க மிஸ். கண்ணாடி போட்ட மிஸ். உங்க மிஸ் வந்தா உக்காரச் சொல்லுங்கன்னு சொன்னாங்க." இந்த வருஷம்தான் பள்ளிக்கு வந்த பெண். உங்களைப் பார்த்திருக்க வழியே இல்லை. இப்போது பள்ளியில் கண்ணாடி போட்ட டீச்சரும் கிடையாது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுதினேன்.

இரண்டாம் மாதம் லேசாக ரத்தம் பட்டது. நிற்கவே கூடாது, கரு நிற்குமா என்று இன்னும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். லீவு எடுத்தால் காரணம் கேட்பார்கள், மாமியாரோ வாயைத் திறக்கவிட மாட்டார். இந்தப் பிள்ளையைக் காப்பாற்ற எனக்கு அந்த ஸ்டூலை விட்டால் வேறு வழியில்லை. தினமும் கதவைச் சாத்தினேன், உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினேன். ஒரு மத்தியானம், பிள்ளைகள் தலைகுனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் கண் அசந்துவிட்டது. பக்கத்தில் இருமல் கேட்டது. வறட்டு இருமல், நடுவில் ஒரு செருமல். துள்ளி எழுந்தேன். கதவு திறந்தது, தாளாளர் நின்றார். அவர் போன பிறகு வராண்டாவுக்கு வந்து பார்த்தேன். லேப் கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியே நார்த்தங்காய் வாசனை வந்துகொண்டிருந்தது. ஆனாலும் திரும்பி வந்து அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் மூன்று மாதம் முடிந்தது. ஸ்கேனில் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்டது. இன்று காலை தாளாளரிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்தாலும் மாடியிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கச் சொன்னார். ஏழாம் வகுப்புக்கு வந்து கதவைச் சாத்தினேன். ஸ்டூல் இல்லை, வாசனையும் இல்லை. என் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஏதாவது ஆகிவிட்டதா, அதற்குத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களா என்று பதறினேன். மாடியிலிருந்து வந்த நாற்காலி பக்கத்திலேயே இருக்க, அந்தப் பாடவேளை முழுக்க நின்றுகொண்டே இருந்தேன்.

மணி அடித்ததும் வராண்டாவில் ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஆறாம் வகுப்பில் கதவு பாதி சாத்தியிருந்தது. ஐப்பசியில் கல்யாணமான புது இங்கிலீஷ் டீச்சர் கதவுக்குப் பின்னால் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பயந்து எழுந்தாள்.

"சாரி அக்கா. யார் வெச்சாங்கன்னே தெரியல. ரெண்டு நாளா ஒரே டயர்டா இருக்கு, அதான் ஒரு நிமிஷம்..."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. என் வயிற்றில் இருப்பது பத்திரமாகத்தான் இருக்கிறது. உங்கள் வேலை இங்கே முடிந்து நீங்கள் அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

"உக்காரு. கதவை நல்லா சாத்திக்கோ. யார்கிட்டயும் சொல்லாத," என்றேன். என் கைப்பையிலும் இப்போது ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது, மிஸ். அதைத் திறந்து ஒரு துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"எதுக்குக்கா?"

பூட்டிய லேபுக்குள் யாரோ லேசாக இருமினார்கள்.

"அடுத்த வாரம் உனக்கே தெரியும்," என்றேன்.