மஞ்சள் டப்பா

புதுச்சேரி
13-9-2025

அன்புள்ள நைனாவுக்கு,

அறிவுமதி எழுதுவது. முட்டிவலி தேவலையா? நாங்கள் லீவில் வந்து என் சிநேகிதி மோனிகா வீட்டில் தங்கியிருக்கிறோம். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. செஞ்சிக்கு வரலாமென்றால், சாமுவேலைக் கட்டிக்கொண்ட அன்றே வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

சின்ன வயதில் இங்கே தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிவந்து, டப்பாவில் கம்மர்கட்டும் ஒரு சீட்டும் போட்டு ஒளித்துவிட்டு என்னைத் தேடவிடுவீர்களே! இந்த முறை ஒளித்துவைப்பது நான். பொம்மை ரயில் தண்டவாளத்தை ஒட்டிய பெரிய மரம், வேர் இடுக்கு, மஞ்சள் டப்பா. வரும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போய்த் தேடுங்கள். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் போங்கள்.

உங்கள் மகள்
அறிவு


செஞ்சி
25-9-2025

அன்பு மகள் அறிவுக்கு,

சனிக்கிழமை எப்படியம்மா வருவேன்? மறுநாள் மகாளய அமாவாசை. மேல்மலையனூர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழக் கடை போட்டவன் அந்த மூன்று நாளும் நகர முடியுமா? டப்பா எங்கே ஓடிவிடப் போகிறது என்று நேற்றுதான் பஸ் ஏறினேன்.

மண்டி போட்டு ஒவ்வொரு வேராகத் தடவினேன். தோட்டக்காரர் வந்து, "இன்னா பெரியவரே தேடற?" என்றார். "எம் பொண்ணு வெச்ச கடுதாசிப்பா" என்றேன். பாவம், அவரும் குச்சியால் கிளறிப் பார்த்தார். கிடைக்கவில்லை. பூங்கா மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்துவிட்டது.

அதில் என்ன எழுதியிருந்தாய்? என் கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனே வீட்டுக்கு வா. கறி எடுத்து நானே சமைக்கிறேன்.

நைனா
காமராஜ்


ஆக்லாந்து
9-10-2025

அன்புள்ள நைனா,

உங்கள் கடிதத்தை மோனிகா படமெடுத்து அனுப்பினாள். மாப்பிள்ளை என்று எழுதியிருந்த வரியை சாமுவேல் இரண்டு முறை படித்தார்.

அமாவாசைக்கு மறுநாளே விமானம் ஏறிவிட்டோம். இனி லீவு மூன்று வருஷம் கழித்துத்தான். முன்னாலேயே எல்லாம் எழுதினால் வரமாட்டீர்கள் என்று பயந்தேன். அமாவாசைக் கடை எனக்கு நினைவே இல்லை, பாருங்கள். உங்கள் மகளா நான்!

டப்பாவை யாரும் திருடவில்லை. சனிக்கிழமை பூங்கா மூடும் நேரத்தில் நானேதான் எடுத்துவந்தேன். இங்கே மேஜைமேல் இருக்கிறது. உள்ளே கம்மர்கட்டும் ஒரு சீட்டும். சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"நைனா, திரும்பிப் பாரு. பின்னாடி பெஞ்சிலதான் உக்காந்திருக்கேன்."

அறிவு