ஜெனிஷாவின் புதுநன்மை

ஏப்ரல் 3, வியாழன்

கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சமைத்தேன். வில்சன் மறுபடி தெருவில் ஓடிவிடக் கூடாதே! பன்னிரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, ஆத்திரம் மட்டும் வருகிறது. இன்று மிக்சி சத்தம் பொறுக்காமல் தங்கை கையைக் கடித்துவிட்டான். "அவனுக்குத் தெரியாதுடி, நீதான் வெலகிப் போவணும்" என்று ஜெனிஷாவைத்தான் திட்டினேன். ஒன்பது வயதுப் பிள்ளை தலையாட்டிவிட்டு, பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள்.

ஏப்ரல் 12, சனி

அடுத்த மாதம் மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். மூத்தவன் இருக்க இளையவளுக்கு மட்டும் எப்படி? இருவருக்கும் சேர்த்தே கொடுங்கள் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டேன். ஜெனிஷா "சரிம்மா" என்றாள். எதற்குத்தான் அவள் சரி சொல்லவில்லை?

ஏப்ரல் 26, சனி

யாரும் வீட்டுக்கு வருவதில்லை. நானும் எங்கும் போவதில்லை.

மே 5, திங்கள்

வெள்ளைக் கவுன் தைத்து வந்தது. ஜெனிஷா போட்டுப் பார்த்ததும் வில்சன் பாய்ந்து, தலையில் போட்டிருந்த வலைத்துணியைக் கிழித்துவிட்டான். "அவன் முன்னாடி ஏன்டி போட்ட?" — மறுபடியும் அவளைத்தான்.

கிழிசலை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்னு சொல்லிருங்கம்மா. அண்ணன் மட்டும் வாங்கிக்கட்டும். அவன் கத்துனா எல்லாரும் என்னையும் பாப்பாங்க."

ஐயோ, என்ன வளர்ப்பு வளர்த்திருக்கிறேன்! இருக்கிற இடம் தெரியாமல் இருக்கவல்லவா பழகியிருக்கிறாள்!

மே 6, செவ்வாய்

சாமியாருக்குப் போன் செய்தேன். வில்சனுக்குக் கூட்டமில்லாத நாளில் கொடுக்கலாமாம். ஞாயிறு ஜெனிஷாவுக்கு மட்டும். அப்போது இவனோடு வீட்டில் யார்? நான்தான், வேறு யார்?

தலை பின்னும்போது மெதுவாகக் கேட்டாள்: "நீங்க வருவீங்களாம்மா?" வாய் திறந்து ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவன நான் ஒத்த ஆளா எப்படிடி சமாளிக்கிறது?" என்றார். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

மே 11, ஞாயிறு

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். நன்மை வாங்க வரிசையில் நின்ற ஜெனிஷா, நான் இருக்கிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பூசை முடிந்து பீச்சுக்குக் கூட்டிப்போனேன். கிளம்பலாம் என்றதும் வெள்ளைக் கவுனோடு மணலில் உட்கார்ந்துவிட்டாள். "வீட்டுக்கு வேணாம்மா." தேம்பித் தேம்பி அழுகை.

வீட்டுக்குத்தான் போனோம். வேறு எங்கே போவது?

அவர்தான் கேட்டைத் திறந்தார். கையில் பல் தடம்.

ஜூன் 8, ஞாயிறு

"கெளம்புங்க ரெண்டு பேரும், நான் பாத்துக்கறேன்." இப்போதெல்லாம் ஞாயிறு மாலை அவரே சொல்கிறார்.

பீச்சுக்குப் போகும் வழியெல்லாம் ஜெனிஷா அண்ணனைப் பற்றிப் புகார் சொன்னாள். பிறகு என்னைப் பற்றி. "கடிச்சது அவன். திட்டு வாங்குனது நானு. ஏம்மா?"

வலித்தது. "இன்னும் என்னென்ன இருக்கு, சொல்லு" என்றேன்.

இருட்டும்வரை சொன்னாள்.