பிலோமினா அம்மா கேட்டது

செவ்வாய், இரவு

லாபிஸிலிருந்து பிலோமினா அம்மாவை ஜொகூர் பாருவுக்கு, என்னிடம் மனநல ஆலோசனைக்கு, மகன் அழைத்து வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. கணவர் இறந்ததிலிருந்து சரியான தூக்கம் இல்லையாம். நான் கேட்டதற்கெல்லாம் மகனே பதில் சொன்னார். அவரை வெளியே உட்காரச் சொன்னேன்.

கதவு மூடியதும் அம்மா மெல்லக் கேட்டார். “அவரு செத்தப்ப எனக்கு அழுகையே வரல டாக்டர். இனிமே அடிக்க ஆளில்லன்னு நிம்மதியா இருந்துச்சு. அது பாவமா?”

“இல்லம்மா” என்றேன். அவசரப்பட்டுவிட்டேனோ? இல்லை. எத்தனையோ காலம் காத்திருந்த கேள்வி அது.

அப்புறம்தான் அவர் அழுதார், வெகு நேரம்.

மகன் உள்ளே வந்ததும், “இந்த வயசுல பேசி என்னாங்க ஆவப்போவுது?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். “அடுத்த வாரமும் நான் வரணும். நீ லீவு போட வேணாம்லா. ரயில்ல நானே வந்துக்குவேன்.”

வருவார். எனக்குச் சந்தேகமே இல்லை.